இரண்டு வீட்டுக் கார்

வெயிலில் நின்ற காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் சூடான ரெக்சின் மணம்தான் எனக்குக் கொழும்பு வெள்ளவத்தை. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் கீழ்வீட்டில் நாங்களும் மேல்வீட்டில் ராஜன் அங்கிள் குடும்பமும் வாடகைக்கு இருந்தோம். அப்பாவும் அங்கிளும் பாதிபாதி போட்டு, தெஹிவளையில் ஒருவரிடம் வாங்கிய பழைய ஜப்பான் கார் அது. உப்புக்காற்று கதவுகளின் அடிப்பாகத்தைத் தின்றிருந்தது. மழை பெய்தால் பின்சீற்றின் காலடியில் தண்ணீர் நிற்கும். சில காலைகளில் ஒழுங்கைக்காரர் கூடித் தள்ளினால்தான் 'ஸ்ரார்ட்' எடுக்கும். ஆனாலும் நாலு கதவும் பெரிய 'டிக்கி'யும் உள்ள கார், இரண்டு குடும்பமும் நெருக்கியடித்து ஏறிவிடலாம். ஒரு ஞாயிறு எங்களுக்கு, மறு ஞாயிறு அவர்களுக்கு என்பது பேச்சு. நடந்தது என்னவோ, எல்லா ஞாயிறும் எல்லாரும் போனதுதான்.

காரை யார் பெயரில் பதிவது என்று கதை வந்தபோது அங்கிள், "மூத்தவர் நீங்கள். உங்கட பேரிலயே இருக்கட்டும் அண்ணை" என்றார். அப்பாவுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. அம்மாவிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கொழும்புக்கு வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா தன் கணக்கு வேலையை இங்கிலீசில் சமாளித்தார்; சிங்களம் வராது. அங்கிள் கொழும்பிலேயே வளர்ந்தவர். வீட்டுச் சொந்தக்காரர் வந்தாலும், குடியிருப்போர் பதிவு பார்க்கப் பொலிஸ் வந்தாலும், அம்மா மேலே பார்த்துக் குரல் கொடுக்க, அங்கிள் படியிறங்கி வந்து அப்பாவுக்காகக் கதைப்பார். "ராஜன் இருக்கேக்க எனக்கென்னத்துக்குச் சிங்களம்" என்பது அப்பாவின் வாடிக்கையான பேச்சு. நான் ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடியும் கடைக்குப் போய்வந்தும் அந்த மொழியை எப்படியோ பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அங்கிள் தன் மகள் சுதாவுக்குச் சப்பாத்து வாங்க நுகேகொடைக்குக் காரைக் கொண்டுபோனார். சுதாவோடு பின்சீற்றில் நானும் போனேன். திரும்பும்போது 'பற்றரி' இறங்கிவிட்டது. ஒரு புடவைக்கடைக்கு முன்னால் காரை விட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் வந்தோம். "நாளைக்கு மெக்கானிக்கோட போய் எடுப்பம் அண்ணை" என்று அங்கிள் அப்பாவிடம் சொன்னார். ஆனால் மறுநாள் நகரத்தில் குண்டு வெடித்தது. தமிழர் யாரும் வெளியே தலைகாட்டாத நேரம். ஆளில்லாமல் தெருவோரம் நிற்கும் காரைக் கண்டாலே சனம் ஓடும் காலம் அது. கடைக்காரர் பொலிசுக்கு அறிவித்திருக்கிறார். கார் இலக்கத்தை வைத்துப் பொலிஸ் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது.

அம்மா மேலே பார்த்துக் கூப்பிட்டார். அங்கிள் வரச் சற்றுத் தாமதமானது. வந்ததும் அப்பா ஆறுதலோடு, "சொல்லுங்கோ ராஜன், நீங்கள்தானே கொண்டுபோனனீங்கள். பற்றரி இறங்கின கதையைச் சொல்லுங்கோ" என்றார்.

அங்கிள் தலையாட்டிவிட்டு, பொலிஸ்காரரிடம் அமைதியாகச் சிங்களத்தில் சொன்னார். கார் இவருடையது, கொண்டுபோனவரும் இவர்தான், பற்றரி இறங்கியதால் இவர்தான் அங்கே விட்டுவிட்டு வந்தார், தான் பாஷைக்காக வந்த மேல்வீட்டுக்காரன் என்றார். 'மெயா' என்றால் 'இவர்'. ஒவ்வொரு 'மெயா'வுக்கும் அவருடைய கை அப்பாவைக் காட்டியது. பொலிஸ்காரர் அப்பாவைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த இரண்டொரு சிங்களச் சொற்களில் ஒன்றான, 'ஆம்' எனப் பொருள்படும் 'ஒவ்'வைச் சொல்லி, நன்றியோடு தலையாட்டினார்.

"அப்பா, அங்கிள் அப்பிடிச் சொல்லேல்ல" என்றேன் நான். "நீங்கள்தான் கொண்டுபோனதெண்டு சொல்லுறார்."

அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. "சின்னப்பிள்ளைக்கு என்ன அண்ணை விளங்கும்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பி, "பெரியாக்கள் கதைக்கேக்க இடையில வாய் போடக் கூடாது" என்று அதட்டினார். பிறகு காற்சட்டை மாற்றிக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். ஏறும்போதும் "ராஜன், இவையளைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றுதான் சொன்னார்.

அவருடைய வாக்குமூலத்தை ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துக் காட்டியபோதுதான், தான் எதற்குத் தலையாட்டினோம் என்பது அப்பாவுக்கு விளங்கியதாம். அவர் வேலைசெய்த கம்பனியின் மனேஜர் இரண்டு மூன்று தரம் போய்க் கதைத்தபிறகு விட்டார்கள். தாடியோடு வந்தார். காரும் சில நாட்களில் வந்தது, சீற்றெல்லாம் கிழிந்து, டிக்கிப் பூட்டு உடைந்தபடி.

அங்கிள் இறங்கி வரவில்லை. அவருடைய மனைவி வசந்தி அன்ரிதான் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்ரியின் தம்பி, பொலிஸில் பதியாமல், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மேலே ஒளிந்திருந்தானாம். அங்கிளின் பெயர் வந்திருந்தால் மேல்வீட்டையும் சோதித்திருப்பார்கள், அவனைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

அப்பா உள்ளே இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நானே கொண்டுபோனனான் எண்டு என்ர வாயால சொல்லியிருப்பனே பிள்ளை" என்றார். அன்ரி மேலே போனார். அதற்குப் பிறகு அந்தப் படிகளில் இரண்டு வீட்டாரும் எதிரெதிரே வந்தால் ஒருவருக்கொருவர் ஒதுங்கி நிற்போம். சுதாவும் நானும்கூட. அப்பா காரை வந்த விலைக்கு விற்றார். கொஞ்சக் காலத்தில் மேல்வீட்டார் வெளிநாடு போய்விட்டார்கள், சொல்லிக்கொள்ளாமல்.

என்னை அதட்டியதைப் பற்றி அப்பா ஒருநாளும் பேசவில்லை. ஆனால் அதன்பிறகு அரசாங்கக் கந்தோர், ஆஸ்பத்திரி, சோதனைச்சாவடி என்று எங்கே போனாலும் பாஷைக்கு என்னைத்தான் கூட்டிப்போனார். நான் சொல்லி முடித்ததும் என் முகத்தையே பார்த்து, "நான் சொன்னதைத்தானே சொன்னனீ?" என்று கேட்பார். முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. பிறகு பழகிவிட்டது.

அந்த ஒழுங்கையில் இப்போது பழைய வீடு ஒன்றும் மிச்சமில்லை. மாடிக் குடியிருப்புகள் நெருக்கி எழுந்து கடலை மறைத்துவிட்டன. யாருடைய கார் எங்கே நிற்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை. அப்பாவும் இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்லி முடித்தேன். அப்பா கட்டிலில் படுத்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"அவர் சொன்னதைத்தானே சொல்லுறாய், பிள்ளை?" என்றார்.