ராயகிரி பஸ்

கண்மாய்க் கரையைத் தாண்டிய பிறகும் தாத்தா திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் ஒரு துண்டு, கையில் மாற்று வேட்டி வைத்த மஞ்சள் பை. ராயகிரி எங்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. "எப்படியாவது பேசிக் கூட்டிட்டு வந்துருல" என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாக உட்கார்ந்திருந்த எனக்கு, பள்ளிக்கூட நாளில் ஊரைவிட்டு நடக்கச் சொன்னால் கசக்குமா? பின்னாளில் எத்தனையோ ஊர்களை விட்டு நடந்திருக்கிறேன். முதலில் நடந்தது அவருக்குப் பின்னால்தான்.

தாத்தா அப்பாவைப் பெற்றவர். வயசுக் காலம் முழுக்க மாட்டுவண்டி ஓட்டியவர். மாடுகளை அதட்டி அதட்டிப் பழகிய தொண்டை, காது மந்தமான பிறகு இன்னும் ஏறிவிட்டது. அவர் தண்ணீர் கேட்டால் அடுத்த தெருவில் செம்பைத் தேடுவார்கள் என்று அப்பா கேலி செய்வார். வண்டியை விற்ற பிறகு அவருக்கு முற்றத்தில் ஒரு கயிற்றுக் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தோம். வேளைக்குச் சோறு கொடுத்தோம். அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு.

முந்தின நாள் சொந்தக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையை யார் கையிலாவது திணித்துவிட்டுப் போய்விட முடியாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீட்டுப் பெரிய ஆண்பிள்ளை கையில்தான் கொடுக்க வேண்டும். வந்தவர் வாசலில் நின்று, "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்தாள். "யாரும் இல்லண்ணே. அவுக வயலுக்குப் போயிருக்காக. சாயந்தரம் வாங்க."

தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தாம்பாளத்தோடு திரும்பிப் போனார். தாத்தா காதில் விழுந்திருக்காது என்று நினைத்தோம். மறுநாள் விடிந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டார்.

"எங்க போறீங்க தாத்தா?" என்று ஓடிப்போய் அவர் காதுப் பக்கம் கத்திக் கேட்டேன்.

"வேலைக்கு."

"என்ன வேலைக்கு?"

"போனாத்தானல தெரியும்."

வெயில் ஏறியது. ஒரு வேப்பமரத்தடியில் நிற்பார் என்று பார்த்தேன், நிற்கவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்போதுதான் அவர் காதோரம் உரக்க எடுத்துவிட்டேன். "அம்மா தெரியாமச் சொல்லிட்டா தாத்தா. மனசுல வச்சிக்கிடாதீங்க."

அதற்கு நின்றார். "தெரிஞ்சு சொல்லியிருந்தாச் சண்ட போட்டுட்டு அங்கனயே உக்காந்திருப்பேன். தெரியாமத்தான் சொன்னா. அதுக்குத்தாம்ல கெளம்புதேன்." மறுபடியும் நடந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபமில்லாதவர் எதற்கு இத்தனை தூரம் நடக்க வேண்டும்?

சங்கரன்கோவில் கோபுரம் கண்ணில் பட்டபோது என் செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது. தாத்தா நேராக ஒரு அரிசி மில்லுக்குள் போய்க் காவல் வேலை கேட்டார். அங்கிருந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெரியவரே, உமக்குக் காவலா ஒரு ஆளு போடணும் போலிருக்கே" என்று சிரித்தார். தாத்தாவும் கூடவே சிரித்துவிட்டு வெளியே வந்தார். தறி ஓடிய கொட்டகையில் என்னைத்தான் பார்த்தார்கள். "பையன வேணும்னா விட்டுட்டுப் போங்க, பழக்கிக்கிடுதோம்." எனக்கு ஆசைதான். "வேலை கேட்டது நான்" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்னும் நாலைந்து இடத்தில் ஏறி இறங்கினோம். ஒருவர் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அதைத்தான் தாத்தாவால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. குடிக்காமலே எழுந்துவிட்டார். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் படுத்தோம்.

காலையில், கடையநல்லூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்த இளவட்டத்துக்குத் தொண்டை கட்டியிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தாத்தா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று ஒரு குரல் கொடுத்தார்.

"கடையநல்லூரேய்..."

பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கூப்பிடும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்த மீசைக்காரர், கையில் டீக் கிளாஸோடு வந்துவிட்டார்.

"யாரு வே நீரு?"

"வேலை வேணும்."

"காது கேக்குமா வே உமக்கு?"

அவர் மூன்றாம் தடவை கத்திக் கேட்ட பிறகுதான் தாத்தாவுக்கு விளங்கியது. "கேக்க வேண்டியது ஏறுதவங்கள்லா தம்பி? நான் கத்தத்தான போறேன்."

மீசைக்காரர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே கத்தினார். "சரி, இதுக்கே நில்லும். கூட்டம் இதுலதான்."

"ராயகிரி பஸ்ஸுக்கு ஆளு உண்டா?"

"அதுக்கெதுக்கு ஆளு? ஏறுதவன் தானா ஏறுவான்."

"அது போதும் எனக்கு."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நம்ம ஊர்க்காரங்க பாப்பாங்களே தாத்தா" என்று அவர் காதில் சொன்னேன்.

"பாக்கட்டும்." துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

அப்பாவை ஊர் முன்னால் தலைகுனிய வைக்கத்தான் இந்தப் பிடிவாதம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அந்த பஸ்ஸிலேயே என்னை ஏற்றிவிடுவதாகப் பேச்சு. வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ராயகிரியிலிருந்து முதல் பஸ் வந்து நின்றது. கீரைக்கட்டு, கோழிக்கூடை, கையில் சிலேட்டோடு ஒரு குழந்தை என்று எங்கள் ஊரே இறங்கியது. உடனே கூவ ஆரம்பிக்க வேண்டியவர் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். தெரிந்த முகமாகப் பிடித்து நிறுத்தினார்.

"ஏ மக்கா, எங்க வீட்டு எருமை கன்னு போட்டுட்டா? மகன் தண்ணி பாய்ச்சிட்டானா?"

அவர்கள் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. உள்ளங்கையைக் காதோடு குவித்துக்கொண்டு குனிந்து, மறுபடி சொல்லச் சொன்னார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். முதல் நாளே இப்படி வேலையை விட்டுவிட்டு நிற்கிறாரே, மீசைக்காரர் பார்த்தால் துரத்திவிடுவாரே என்பதுதான் என் கவலையாக இருந்தது.