குறிப்பில் ஏற வேண்டாம்

நகரமன்றத்தில் இருபத்தெட்டு வருஷம் மினிட் புத்தகம் எழுதினவன் நான். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் என் பேனா வழியாகத்தான் அது புத்தகத்துக்குள் போகும். சில சமயம் போகாது. தலைவர் இரண்டு விரலைத் தூக்கி, "குறிப்புல ஏற வேண்டாம்" என்பார். நான் பேனாவை மூடிவிடுவேன். விதியே அப்படி. நாற்காலியில் இருக்கும் தலைவர் சொன்னால் ஏறாது. வேறு எவர் சொன்னாலும் ஏறும். எங்கள் தலைவர் பதினாறு வருஷம் அந்த நாற்காலியில் இருந்தார். பதவி போன பிறகும் ஊர் அவரைத் தலைவர் என்றே கூப்பிட்டது. அவரும் தன்னை அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது அவருக்குத் தலைவலி பிடித்தது. வாயைத் திறக்காத ஒரு பெண் வேண்டும். அவருடைய கார் ஓட்டுநரின் மனைவி சந்தைக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தார். கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும், அதனால் ஊருக்கு அவர் டேப்பம்மா. தலைவர் அவரைக் கூப்பிட்டு, என் மேஜைக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்துச் சொன்னார்.

"இங்க பாரும்மா, நீ ஒண்ணும் பேச வேண்டாம். கையெழுத்துப் போட்டா போதும்."

"எதுல போடறேன்னு படிச்சுப் பாத்துட்டுப் போடலாமாங்கய்யா?"

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்.

ஜெயித்து வந்து நாலு வருஷம் டேப்பம்மா வாயைத் திறக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு தாளையும் விரல் வைத்துப் படிப்பார், அவ்வளவுதான். ஐந்தாம் வருஷம் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"சந்தையோட பின்சுவத்துல விரிசல் விட்டிருக்குங்கய்யா. போன மாசம் அளந்தப்ப பதினொரு இஞ்சு நீளம். நேத்து அளந்தேன், பத்தொன்பது. என் தங்கச்சி கடை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கு. ஆளுங்களை உடனே அங்கேர்ந்து நகர்த்தணும்."

அந்தச் சுவரைக் கட்டியவர் தலைவரின் மச்சான். தேர்தலுக்கு இரண்டு மாசம் இருந்தது.

"ஏம்மா, சுவத்துக்கும் சட்டை தைக்கப் போறியா?" என்றார் தலைவர். மன்றமே சிரித்தது. பிறகு அந்த இரண்டு விரல் எழுந்தது. "குறிப்புல ஏற வேண்டாம்." நான் பேனாவை மூடினேன்.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழைக்கு மறுநாள் காலை, கூட்டம் நெரிகிற நேரத்தில் சுவர் விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி டேப்பம்மாவின் தங்கை.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். முன்கூட்டியே யாராவது எச்சரித்தார்களா என்று கேட்டார். யாருமே சொல்லவில்லை என்றார் தலைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. டேப்பம்மா எழுந்து, "நான் சொன்னேன்" என்றார். அன்று சிரித்த உறுப்பினர்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை என்றார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"புத்தகத்துல இருக்கா?"

"இல்ல சார்."

நான் சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் என் ஆயுளில் சொன்னதும் இல்லை. வேலை, வீடு, பிள்ளைகள் என்று எனக்கும் சாக்குகள் இருந்தன.

வெளியே வராந்தாவில் தங்கையின் புருஷன் நின்றிருந்தார். சைக்கிள் பழுது பார்க்கிறவர், யாரிடமும் குரல் உயர்த்தாத மனுஷன். அன்றும் மெதுவாகத்தான் பேசினார். "பதவி போயிடும்னு பேசாம இருந்துட்டீங்களே அக்கா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா."

"சொன்னேன் தம்பி. சத்தியமா சொன்னேன்."

"புத்தகத்துல இல்லைங்கறாங்களே."

அன்றோடு உறவு அறுந்தது. ஐந்து வயது மகளைக்கூட அவர் பெரியம்மா வீட்டுப் பக்கம் விடவில்லை. டேப்பம்மா நேராக என் மேஜைக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "அண்ணே, அந்தச் சொல்லை நான் புத்தகத்துல ஏத்தாம விட மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் அவர் உண்மையில் அரசியலுக்கு வந்தார். கட்சி அடுத்த முறை இடம் கொடுக்கவில்லை. புருஷனுக்கு ஓட்டுநர் வேலையும் போனது. சுயேச்சையாக நின்றார். சின்னம் கத்தரிக்கோல். "கடைசியில தலைவர் ஜேபியைக் கத்தரிக்கப் போறா" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். முப்பத்தொரு ஓட்டில் தோற்றார். அடுத்த முறை ஜெயித்தார், அதற்கடுத்த முறையும். கூட்டத்தில் பேசி முடித்தவுடன் உட்கார மாட்டார். என்னைப் பார்த்து, "எழுதியாச்சா? படிச்சுக் காட்டுங்க" என்பார். ஒவ்வொரு கூட்டத்திலும், ஒவ்வொரு பேச்சுக்கும். மற்ற உறுப்பினர்கள் பல்லைக் கடித்தார்கள். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி எங்கே குத்துகிறது என்று தெரியும்.

பிறகு சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே எல்லோரும் வெளிச்சம் விழுகிற குழுவுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, இவர் யாரும் சீண்டாத ஒரு குழுவைக் கேட்டு வாங்கினார். முடித்து மூடிய பழைய விபத்து விசாரணைகளை மறுபடி பார்க்கிற குழு. போட்டிக்கு ஆளில்லாததால் இரண்டாம் வருஷமே அதற்குத் தலைவரானார். எடுத்த முதல் கோப்பு எங்கள் சந்தைச் சுவர். சுவர் விழுந்து பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது.

குழு எங்கள் நகரமன்றத்திலேயே கூடியது. குறிப்பெழுத என்னைத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்பினால் இல்லை, அது எனக்குத் தெரியும். தங்கையின் புருஷன் போனை எடுக்கமாட்டார் என்பதால் அவருக்குப் பதிவுத் தபாலில் சம்மன் போயிருந்தது. வளர்ந்துவிட்ட மகளோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் கைத்தடியோடு வந்தார். பாதி மண்டபம் எழுந்து நின்றது. டேப்பம்மா எழவில்லை. ஆனால் அவ்வளவு மரியாதையாகப் பேசினார். "உக்காருங்க தலைவரே." "தண்ணி குடிக்கிறீங்களா தலைவரே?" "தலைவரே, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொன்னா போதும்." காலை முழுக்க ஒரே தலைவரே, தலைவரே. எனக்கே எரிச்சலாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் இந்த அம்மாவுக்குப் பழைய பயம் போகவில்லையே என்று நினைத்தேன். கிழவர் குளிர்ந்து போனார். சாய்ந்து உட்கார்ந்தார், காலை நீட்டிக்கொண்டார்.

அப்போது டேப்பம்மா மேஜையிலிருந்த பழைய இஞ்சு டேப்பைக் கையில் எடுத்தார்.

"அன்னைக்கு நான் எத்தனை இஞ்சுன்னு சொன்னேன் தலைவரே?"

தலைவர் சிரித்தார். இரண்டு விரலைத் தூக்கினார். "குறிப்புல ஏற வேண்டாம்" என்றார் என்னைப் பார்த்து. என் கை தானாகப் பேனாவை மூடியது. பிறகு தலைவர் முன்னால் குனிந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி டேப்பம்மாவிடம் சொன்னார்.

"பத்தொன்பதுன்னு சொன்னே. மறப்பேனா? ஆளுங்களை நகர்த்துன்னும் சொன்னே. தேர்தல் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நாந்தான் விட்டுட்டேன். அதுக்குள்ள விழும்னு யார் கண்டா? பழசைக் கிளறி இப்ப உனக்கு என்ன ஆகப் போகுது?"

டேப்பம்மா என் பக்கம் திரும்பினார்.

"பேனாவைத் திறங்க அண்ணே. இங்க தலைவர் நான்."

திறந்தேன்.

"ஒரு வார்த்தை விடாம எழுதுங்க. அன்னைக்குப் பேனாவை மூடினது யாருன்னும் அதுக்குக் கீழேயே எழுதுங்க."

எழுதினேன். என் பதவியையும் என் பெயரையும் என் கையாலேயே எழுதினேன். "படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். என் பெயர் வந்த இடத்தில் குரல் உடைந்தது. அவர் இரங்கவில்லை. "அந்த வரியைத் திரும்பப் படிங்க, பின்னால கேக்கலை" என்றார். கடைசி பெஞ்சில் அந்தப் பெண் தன் அப்பாவிடம், "பெரியம்மா சொல்லித்தான் இருக்காங்கப்பா" என்றாள். அவர் தலை குனிந்தபடியே இருந்தார்.

அப்போதுதான் கிழவருக்கு நடந்தது உறைத்தது. "ஏம்மா, நான் அந்த அர்த்தத்துல சொல்லலை. நமக்குள்ள பேசிக்கிட்டதை நீ..."

டேப்பம்மா தாளை அவர் பக்கம் தள்ளினார். என் பேனாவை வாங்கி அதன்மேல் வைத்தார்.

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்கய்யா. கையெழுத்துப் போட்டா போதும்."