முன்சீப் ஜோகய்யாவின் கொள்ளுப்பேரன்

ஆந்திராவில் சோடவரம் என்ற ஊரில் வெல்ல மண்டி வைத்திருக்கும் சன்யாசிராவுக்குச் சொந்தச் சாதனை என்று எதுவும் கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. செய்ய வேண்டியதையெல்லாம் கொள்ளுத்தாத்தா ஜோகய்யாவே செய்து முடித்துவிட்டார், தனக்கு மிச்சம் இருப்பது அதை ஊருக்குச் சொல்லும் வேலைதான் என்பது அவர் கட்சி. பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு வந்தபோதும் ஜோகய்யாவைச் சொல்லித்தான் சமாளித்தார். பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்பே ஜோகய்யாவைப் பற்றிச் சொல்லி முடித்தார். அந்தப் பெண் நூகரத்னம் அவருக்கு வாழ்க்கைப்பட்டாள். அன்றிலிருந்து சோற்றோடு சேர்த்து ஜோகய்யாவையும் விழுங்கி வருகிறாள்.

ஜோகய்யாவின் கதையில் இரண்டு பாகம். முதல் பாகத்தில், வெள்ளைக்காரனை எதிர்த்து மலையில் படை திரட்டிய சிங்கன்னா பசியோடு இறங்கி வந்து, கிராம முன்சீப்பான ஜோகய்யாவின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். ஜோகய்யா தன் உயிரைப் பெரிதாக நினைக்காமல் அவனை உட்கார வைத்து இலை போடுகிறார். இரண்டாம் பாகத்தில், கலெக்டர் துரை குதிரையில் வந்து இறங்கி, ஜோகய்யாவின் தோளைத் தட்டி, வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு ஒன்றையும் ஆற்றோரமாக நிலத்தையும் கொடுக்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே பெருமையோடு சொல்வார் சன்யாசிராவு. நடுவில் சிங்கன்னா ஓடைக்கரையில் பிடிபட்டுத் தூக்கில் தொங்கினான் என்பது அந்தப் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அது வேறு யாரோ சம்பந்தப்பட்ட வேறு ஏதோ கதை என்றே குடும்பம் நினைத்திருந்தது. தசராவுக்குத் தசரா அந்தப் பிரம்புக்குக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள்.

ஊரில் மட்டும் ஏனோ ஜோகய்யாவின் பெயர் எடுபடவில்லை. சந்தைத் திருப்பத்துக்கு அவர் பெயரை வைக்கச் சொல்லி, வந்த தலைவர்களிடமெல்லாம் சன்யாசிராவு மனு கொடுத்தார். "யாருங்க அந்த ஜோகய்யா?" என்று எல்லோரும் ஒன்றுபோலக் கேட்டார்கள். ஊர் வாயில் அந்தப் பெயர் ஒரு தடவையாவது மரியாதையோடு வர வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். மண்டி படுத்துப்போனால்கூட அவர் இவ்வளவு வருத்தப்பட மாட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஐதராபாத்திலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். சிங்கன்னாவைப் பற்றிப் பெரிய செலவில் படம் எடுக்கப் போகிறார்கள், பெயர் 'சிங்கன்ன தண்டு', அதாவது சிங்கன்னாவின் படை. கதாசிரியர் ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் சன்யாசிராவுக்குத் தலைகால் புரியவில்லை. லாட்ஜுக்கே காரை அனுப்பி அவரை வீட்டுக்கு வரவழைத்தார். பலாக்கொட்டைக் குழம்பும் மாடுகுல அல்வாவுமாக விருந்து போட்டு, இரண்டு பாகங்களையும் சொல்லி, பிரம்பை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

கதாசிரியர் சின்ன வயசு, அதிகம் பேசாதவர். பிரம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "சிங்கன்னாவுக்குச் சோறு போட்டதுக்கும் துரை இதைக் குடுத்ததுக்கும் நடுவுல எத்தனை வருஷம் சார்?"

"வருஷமா? அடுத்த மாசமே குடுத்துட்டாருங்க! எங்க தாத்தா செல்வாக்கு அப்படி!" என்றார் சன்யாசிராவு.

கதாசிரியர் இன்னொரு துண்டு அல்வா எடுத்துக்கொண்டார். போகும்போது ஜோகய்யாவின் படம் கிடைக்குமா என்று கேட்டார். படம் ஏது? ஆனால் சன்யாசிராவு ஒரு காலத்தில் தலைப்பாகையும் ஒட்டு மீசையுமாக ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து, பழசாகத் தெரிவதற்கு டீத்தண்ணியில் நனைத்து, கொள்ளுத்தாத்தா என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதைத்தான் கொடுத்தனுப்பினார்.

படம் வெளியான அன்று விடியற்காலைக் காட்சிக்கு இரண்டு வரிசை இருக்கைகளைச் சொந்தக்காரர்களுக்காகவே பிடித்தார். தியேட்டர் வாசலில் ஹீரோவின் கட்டவுட்டுக்கு ரசிகர்கள் பால் ஊற்ற, பக்கத்திலேயே ஜோகய்யாவுக்கும் ஒரு பேனர் கட்டி அதன் மேலும் ஊற்றச் செய்தார். டப்பு மேளம் அதிர்ந்தது. ரசிகர்கள் பாலை வீணாக்குகிறாரே என்று முறைத்தார்கள். நூகரத்னம் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு, "ஏங்க, மொதல்ல படத்தப் பார்ப்போம், அப்புறம் ஊத்தலாமே" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் சிங்கன்னா வந்து கதவைத் தட்டினான். திறந்தது சன்யாசிராவு. அதாவது, அதே தலைப்பாகை, அதே ஒட்டு மீசை, அதே முகவெட்டில் ஒரு நடிகர். இரண்டு வரிசையும் எழுந்து நின்று கை தட்டியது. திரையில் ஜோகய்யா இலை போட்டார், பலாக்கொட்டைக் குழம்பு ஊற்றினார், பின்வாசல் வழியாக வேலைக்காரனைப் போலீசுக்கு அனுப்பினார். திரும்பி வந்து சிங்கன்னா முதுகை அன்போடு தடவி, "இன்னும் ரெண்டு கவளம் சாப்பிடு தம்பி, என்ன அவசரம்?" என்றார். அடுத்த காட்சியில் துரை பிரம்பைக் கொடுத்தார்.

கை தட்டிய கைகள் அப்படியே நின்றன. பின்னாலிருந்து ஒரு செருப்பு பறந்துபோய்த் திரையில் விழுந்தது. "துரோகி! துரோகி!" என்று அரங்கம் கத்தியது. சன்யாசிராவின் அத்தை ஒருத்திக்குக் காது கொஞ்சம் மந்தம். "நம்ம தாத்தாவுக்கு எவ்ளோ கூட்டம் பாருடா" என்று அவர் தோளைத் தட்டி மகிழ்ந்தாள். வெளியே இருந்த பேனரின் மேல் இப்போது பால் அல்லாத பலதும் விழுந்துகொண்டிருந்தது.

படம் சக்கைப்போடு போட்டது. தேசபக்தி பொங்கிய ஊருக்கு வெள்ளைக்காரன் கைக்கு எட்டவில்லை, சன்யாசிராவு எட்டினார். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவன்கூட, "இன்னும் ரெண்டு கவளம், என்ன அவசரம்?" என்றான். மண்டிக்கு வந்த வியாபாரி டீயைத் தள்ளி வைத்து, "வேணாங்க. உங்க வீட்டுல வாய நனைச்சா வாசல்ல போலீசு நிக்கும்கிறாங்களே" என்று சிரித்தார். வீடு வந்து சேர்ந்த சன்யாசிராவு அன்று சாப்பிடவில்லை. மனுஷருக்கு உண்மையிலேயே நெஞ்சு வலித்தது.

அவருடைய மச்சினன் அப்பலசாமி இந்த மாதிரி சமயத்துக்கென்றே பிறந்தவன். "பாவா, நீங்க எதுக்கு அழறீங்க? மனசு புண்பட்டுச்சுன்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சிடலாம். இன்னைக்கு ஆந்திராவுல புண்பட்டவனுக்கு இருக்கிற மவுசு வேற எவனுக்கும் இல்ல" என்றான்.

ஜோகய்யா வம்ச கௌரவப் பாதுகாப்புச் சங்கம் மறுநாளே உதயமானது. அப்பலசாமி தலைவர், செலவு சன்யாசிராவு. சாலை மறியல் நடந்தது, கொடும்பாவி எரிந்தது, எரித்தவர்களுக்குப் பிரியாணி கிடைத்தது. அதுவரை சோடவரத்தோடு இருந்த விஷயம் டிவியில் ஏறி இரண்டு தெலுங்கு மாநிலங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. விவாதத்துக்குக் கூப்பிட்டார்கள். சன்யாசிராவு பிரம்போடு போனார்.

"எங்க தாத்தா சாதாரண ஆளு இல்லீங்க. இதப் பாருங்க, சாட்சாத் கலெக்டர் துரையே தன் கையால குடுத்தது!" என்று கேமராவுக்கு நேரே நீட்டினார்.

"எதுக்காகக் குடுத்தார்?" என்று கேட்டாள் நிகழ்ச்சி நடத்திய பெண்.

இத்தனை காலத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. பிரம்பை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். விளம்பரம் போடும் வரை நீட்டிக்கொண்டேதான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் நூகரத்னம், "இத நான் கல்யாணமாகி வந்த வாரமே உங்க அம்மாகிட்ட கேட்டேன். வாயாடின்னு பேர் வச்சாங்க" என்றாள்.

அங்கேயே விட்டிருக்கலாம். விட்டால் அவர் சன்யாசிராவா? உண்மை எதுவாக இருந்தாலும் பெயர் கெடக் கூடாது என்று வழக்குப் போட்டார். படக் கம்பெனிக்கு எப்படியும் படம் ஓடி முடியும் நேரம். வக்கீல்கள் பேசினார்கள். கடைசியில், ஜோகய்யா என்ற பெயர் வரும் இடங்களிலெல்லாம் சத்தத்தை எடுத்துவிடுவதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது. சன்யாசிராவு மண்டி வாசலில் பட்டாசு வெடித்தார். இனிமேல் அந்தத் துரோகி எவனோ பெயரில்லாதவன், ஜோகய்யா ஜோகய்யாதான்.

செய்தி பேப்பரில் வந்தது. திருத்திய படத்தைச் சரிபார்க்க, மனைவியைக் கூட்டிக்கொண்டு மாலைக் காட்சிக்குப் போனார். ஆறிப்போன படத்துக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. அது அவருக்கு விளங்கவில்லை. தான் ஜெயித்ததைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டு உட்கார்ந்தார்.

சிங்கன்னா கதவைத் தட்டினான். "இது யார் வீடு?" என்று கேட்டான். திண்ணையில் இருந்த வேலைக்காரன் வாயைத் திறந்து, "முன்சீப்..." என்றான். சத்தம் அறுந்தது. அரை நொடி அரங்கத்தில் ஈ பறந்தால் கேட்கும்.

"ஜோகய்யாஆஆ!"

முன்வரிசை, பின்வரிசை, மாடி, கதவோரம் டிக்கெட் கிழிக்கிறவன், எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். காகிதத் துண்டுகள் பறந்தன. ஹீரோ முதன்முதலாகக் குதிரையில் வந்தபோதுகூட இப்படி விசில் கேட்கவில்லை. கத்திய கூட்டத்தில் பாதி பேர் இந்தப் படத்தை முன்பே பார்த்துவிட்டு, இதற்காகவே மறுபடியும் டிக்கெட் எடுத்தவர்கள். ஒருவரும் சன்யாசிராவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அங்கே இருப்பது யாருக்கும் தேவைப்படவில்லை.

"எழுந்திரு, போகலாம்" என்றார் மனைவியிடம்.

"இருங்க, துரை வர்ற இடம் பாக்கி இருக்கு" என்றாள் நூகரத்னம். அவள் கண்கள் திரையிலேயே இருந்தன.

துரை குதிரையை விட்டு இறங்கிப் பிரம்பை நீட்டினார். "சபாஷ்..." என்று வாயைத் திறந்தார். சன்யாசிராவு இரண்டு காதுகளையும் அழுத்திப் பொத்திக்கொண்டார். பொத்தியும் கேட்டது. அவ்வளவு பெரிய கூச்சலிலும் பக்கத்து இருக்கையிலிருந்து வந்த குரல் தனியாகவே கேட்டது.