மணல் மூட்டையோடு மலை ஏறப் பழகியது

எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்னபோது கதிரையின் மேல்தான் கோபம் வந்தது. பத்தொன்பது வருடம் தபால் கந்தோர்க் கவுண்டரில் ஒரே கதிரையில் குந்தியிருந்து முத்திரை ஒட்டியவனுக்கு வேறு என்ன வரும்? நடக்கச் சொன்னார் டொக்டர். நடக்க எனக்குப் பொறுமை கிடையாது, கூட வருகிறவன் கதை கேட்டே பிரஷர் ஏறிவிடும் என்றேன். சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

"அப்ப அத உழக்குங்க. சமதரையில இல்ல, ஏத்தத்தில. மூச்சு வாங்கோணும்."

நான் நிந்தவூரான். எங்கள் ஊரில் ஏற்றம் என்றால் வாய்க்கால் கட்டு ஒன்றுதான். பிறந்ததிலிருந்து வயலுக்கும் கடலுக்கும் நடுவே தட்டையாக சைக்கிள் ஓடியவன். கல்யாணம் முடித்துத்தான் பொத்துவிலுக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்குச் சொந்தம், அவளைப் பெற்றவர்களும் அங்கேதான் இருப்பார்கள். சுனாமியில் கடல் வந்து அந்த வீட்டைக் கொண்டுபோன பிறகு, கரையிலிருந்து அரை மைல் உள்ளே எங்களுக்கு ஒரு சின்ன வீடு கிடைத்தது. அந்தக் குடியிருப்பின் பின்பக்கத்தில்தான் மலை. நாங்கள் அதைக் கல்லுமலை என்போம். தண்ணீர்த் தாங்கிக்காகக் கிரவல் மண் போட்டு ஒரு பாதை வெட்டியிருந்தார்கள். அடியில் ஒரு சென்ட்ரி, அதில் எப்போதும் இரண்டு சிப்பாய்கள்.

முதல் நாள் கால்வாசிகூட ஏறவில்லை. நெஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே சிப்பாய்கள் சிரித்தார்கள். வந்த எரிச்சலில் அவர்கள் காணத்தான் மறுநாளும் போனேன். மூன்று மாதத்தில் மூன்று இடத்தில் நின்று நின்று உச்சிக்குப் போகப் பழகிவிட்டேன்.

மேலே எனக்குப் பிடிக்கவேயில்லை. அங்கே நின்று பார்த்தால் கடல் நம் கண் மட்டத்துக்கு நிற்கும், ஊர் அதற்குக் கீழே கிடக்கும். கூரைகளும், பள்ளிவாசல் மினாராவும், கந்தோரும் எல்லாமே கடலுக்குக் கீழே. கண் செய்கிற வேலை என்று புத்திக்குத் தெரியும். இருந்தும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் மூச்சு வாங்குவேன்.

இனி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி, என் மனைவியின் தாய், என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை. கோபதாபம் ஒன்றுமில்லை. அந்தக் கால ஆட்களின் மரியாதை அது. மருமகன் வாசலுக்கு வந்தால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுவா. ஆக்குவது அவ, கொண்டுவந்து வைப்பது என் மனைவி. "மீன்ல இன்னும் ரெண்டு துண்டு வெச்சிக் குடு புள்ள" என்று சுவருக்கு அப்பாலிருந்து வருகிற குரல்தான் எனக்குத் தெரிந்த மாமி. நானும் அவவை வாய் திறந்து கூப்பிட்டதில்லை. புது வீட்டில் சுவர் போதாமல் ஒரு சீலையைக் குறுக்கே கட்டினோம். அந்தச் சீலையின் இரு பக்கமும் நாங்கள் வாழ்ந்தோம்.

கடல் வந்த காலையில் நான் வீட்டில் இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்காக முதல் நாளே சம்மாந்துறைக்குப் போயிருந்தேன். மாமாவைக் கடல் கொண்டுபோனது. மனைவி ஒரு வேப்பமரத்தில் தொங்கித் தப்பினாள். மாமியின் முழங்காலின் மேல் சுவர் விழுந்தது. அதற்குப் பிறகு அவ வீட்டுக்குள்ளேயே கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தா. நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நல்லது. கேட்காததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த வருடங்களில் எங்கள் ஊரில் ஒரு வியாதி இருந்தது. தொழுகை நேரம் இல்லாத நேரத்தில் பள்ளிவாசல் மைக் திறந்தால் எல்லோரும் எழும்பி நிற்பார்கள். மைக்கில் முதலில் ஒரு உறுமல் வரும், பிறகு மோதினார் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்கும் அறிவித்தலுக்கும் இடையில் பாதி ஊர் தெருவில் நிற்கும். பெரும்பாலும் அது ஜனாஸா, மரண அறிவித்தலாக இருக்கும். யாரோ மௌத்தாகிவிட்டார் என்று கேட்டு, நாங்கள் நிம்மதியாக மூச்சு விடுவோம். இப்படியும் ஒரு ஊர்.

ஒரு பின்னேரம் அறிவித்தல் உண்மையாகவே வந்தது. எங்கேயோ தூரத்தில் கடலுக்குள் பூமி நடுங்கியதாம், மேட்டுக்குப் போகட்டாம். மனைவியும் நானும் மாமியைக் கதிரையோடு தூக்கி வாசல் படலை வரைக்கும் கொண்டுவந்தோம். அதற்கு மேல் ஏலவில்லை. ஓட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கடல் வருகிறது என்றால் முதலில் ஓடுவது ஓட்டோதானே. ஊர் முழுக்க எங்களைக் கடந்து மலைக்கு ஓடியது. மாமி முக்காட்டுக்குள்ளிருந்து மகளிடம் சொன்னா.

"நீங்க ரெண்டு பேரும் போங்க புள்ள. நான் ஓதிக்கிட்டு இரிக்கன்."

நாங்கள் போகவில்லை. மூன்று பேரும் படலைக்குள் நின்று கடலின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. இருட்டுமுன் சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு திரும்பி வந்தது. அன்றைக்குச் சோறு வைக்கும்போது மனைவி கேட்டாள்.

"இஞ்சேருங்க, அடுத்த தரம் வந்தா உம்மாவ என்ன செய்யிற?"

சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவேன் என்றேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள்.

"உங்களையே மலைக்கு ஏத்த ஏலாம மூணு இடத்தில நிக்கீங்க."

ரோசம் வந்துவிட்டது. மறுநாள் ஒரு உரப்பையில் மணல் நிரப்பி, பழைய டியூப் பட்டியால் கரியரில் இறுக்கிக் கட்டினேன். முதலில் கால் மூட்டை. பிறகு அரை. மாமி என்ன பாரம் இருப்பா என்று மனைவியிடம் கேட்டு, அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். கந்தோரில் கேட்டவர்களுக்கு, சீனிக்கு என்றேன். எந்தச் சீனிக்கு மணல் மூட்டை கட்டச் சொன்னார்கள் என்று கேட்டார்கள். அவரவர் வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

அது நல்ல காலம் இல்லை. வடக்கே யுத்தம் இறுகிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்திலும் ஆட்கள் காணாமல் போனார்கள், ஏன் என்று யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஒருவன் ஒவ்வொரு காலையும் கரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்ட்ரியைத் தாண்டித் தண்ணீர்த் தாங்கிக்குப் போனால் சும்மா விடுவார்களா? எனக்கு அது உறைக்கவேயில்லை. பழைய சிப்பாய்கள் மாறிப் புதியவர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் துவக்கை என் நெஞ்சுக்கு நீட்டி, மூட்டை என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"வெலி, மாத்தயா" என்றேன். மணல் ஐயா.

மணலை ஏன் மலைக்குக் கொண்டுபோகிறாய் என்றான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மாமி, கடல், முழங்கால் எல்லாவற்றையும் சொன்னேன். என் காதுக்கே பொய் மாதிரித்தான் கேட்டது. முழங்காலில் இருத்தினார்கள். மூட்டையைக் கத்தியால் கீறி, மணலைக் கொட்டி, கையால் அளைந்து பார்த்தார்கள். நான் கலிமா சொல்லிக்கொண்டேன். மூத்தவன் ஒருவன் வந்து நெடுநேரம் என் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறகு அதை என் சட்டைப் பைக்குள் தானே வைத்து, போ என்று கையைக் காட்டினான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்றைக்கு மனைவி சொன்னாள். "மூட்டைய விடுங்க. உம்மாவையே ஒருக்கா வெச்சிப் பாருங்களன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர் பார்க்க மாமியைக் கரியரில் வைத்துக்கொண்டு உலாப் போகவா? மாமிக்குத்தான் அது ஏலுமா? சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக, "அவருக்குக் கரைச்சல் குடுக்காத புள்ள" என்று மட்டும் கேட்டது. அதோடு அந்தக் கதை முடிந்தது. ஒரு கிழமை விட்டு வேறொரு உரப்பை எடுத்து மறுபடி மணல் நிரப்பினேன். சென்ட்ரிக்காரர்கள் தூரத்திலேயே கண்டு, போகச் சொல்லிக் கை காட்டினார்கள். மழைக்காலம் முடிய முன்னர் அந்த மூட்டையோடு ஒரு இடத்திலும் நிற்காமல் உச்சிக்குப் போனேன். மேலே போய் அல்ஹம்துலில்லாஹ் என்று கத்தினேன்.

யுத்தம் முடிந்த நாள் எங்களுக்கும் வந்தது. காலையிலேயே சந்திப் பக்கம் பட்டாசு கேட்டது. கொடி கட்டிய வாகனங்கள் ஹோன் அடித்துக்கொண்டு போயின. சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் கடைகளைப் பாதி சாத்திவிட்டு ஆட்கள் நின்றார்கள். கந்தோரையும் வெள்ளன மூடிவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பள்ளிவாசல் மைக் உறுமியது. இரண்டு தட்டு.

ளுஹர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. அதற்குப் பிறகு மைக்கில் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது. பட்டாசுச் சத்தத்தோடு அந்த இரண்டு தட்டும் சேர்ந்ததுதான் தாமதம், தெரு முழுக்க "கடல் வருகுது" என்று ஓடத் தொடங்கியது. யுத்தம் முடிந்துவிட்டது, வீண் கூட்டம் கூடாமல் வீட்டில் அமைதியாக இருங்கள் என்றுதான் அறிவித்தார்களாம். பின்னேரம்தான் கேள்விப்பட்டேன்.

மனைவி மாமியைத் தாங்கிக்கொண்டு வந்தாள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். மாமி பக்கவாட்டாகக் கரியரில் இருந்தா. மணல் மூட்டையின் அதே பாரம். மனைவி தாயிடம், "அவரப் புடிச்சிக்கங்க உம்மா" என்றாள். மாமி என்னைப் பிடிக்கவில்லை. கரியரின் கம்பியைப் பிடித்தா. அது எனக்குத் தெரியும், பார்த்தேன். பிடியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

பிஸ்மி சொல்லி உழக்கினேன், மனைவி சனத்துக்குள் பின்னால் ஓடி வந்தாள். மூட்டையைப் பட்டியால் கட்டியிருந்தேன், அதனால் அது அசையாது. மனுசி அசைவா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஏற்றத்தில் சனம் நெருக்கியடித்து ஓடியது. சென்ட்ரியும் வெறுமையாகக் கிடந்தது, சிப்பாய்களும் ஓடியிருந்தார்கள். முதல் வளைவில் மழை அரித்த பள்ளத்தில் பின்சில்லு விழுந்து எழும்பியது. அதற்குப் பிறகு சைக்கிள் இலேசானது. உணரவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக உணர்ந்தேன். ஒன்றரை வருடப் பழக்கம் காலுக்கு வந்துவிட்டது, அல்லாஹ் உதவி செய்கிறான் என்று நினைத்தேன். அன்று போல நான் ஒரு நாளும் அந்த மலையில் ஏறியதில்லை. உச்சியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, மரியாதைக்காகத் திரும்பிப் பார்க்காமல், மாமி இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

பக்கத்தில் நின்ற யாரோ, "சும்மா சைக்கிள என்னத்துக்குப் புடிச்சிக்கிட்டு நிக்கிறயள்?" என்று கேட்டார்.

ஓடி இறங்கினேன். முதல் வளைவில், பாதை ஓரத்துக் கல்லில் மாமி சரிந்து கிடந்தா. மனைவி பக்கத்தில் குந்தித் தலையை மடியில் வைத்திருந்தாள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. கடல் அதன் இடத்தில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாமி பதினொரு நாள் இருந்தா, பிறகு மௌத்தாகிவிட்டா. ஆறாவது நாள் பார்க்கிற நேரத்தில், கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரைக்கு வெளியே நான் நின்றிருந்தேன். உள்ளே மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

"விழக்குள்ள ஒரு சத்தம் போட்டிருந்தா அவரு நிண்டிருப்பாரே உம்மா. ஏன் கூப்பிடல்ல?"

மாமிக்குக் குரல் நன்றாக இருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நான் அவர ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே புள்ள. என்ன எண்டு கூப்பிடுற?"

உள்ளே போய், மாமி என்று நானாவது கூப்பிட்டிருக்கலாம். பார்க்கிற நேரம் முடியும் வரைக்கும் திரைக்கு வெளியிலேயே நின்றேன்.