மயன்தீ பிடிக்கும் துணி

மூன்று பழைய கைலிகளைப் பிரித்து ஒன்றாகத் தைத்த துணி அது. கைலிகள் மச்சானுடையவை, தையல் அவருடைய மனைவியான என் அக்காவுடையது. மடித்தால் தலையணை அளவுதான். விரித்தால் ஒரு சின்ன அறைக்குக் கூரை போடலாம். இப்போது என் அலமாரியில், வாங்கிப் படிக்காமல் விட்ட புத்தகங்களுக்கு மேலே இருக்கிறது. முழுக்கப் பழக்கறை. இந்தச் சித்திரை வரை ஒரு மூலை மட்டும் சுத்தமாக இருந்தது. அது நான் பிடித்த மூலை.

மயன்தீயை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மாம்பழத்தின் ஒன்றுவிட்ட தம்பி. சின்னக் கோழிமுட்டை அளவு, மஞ்சள் நிறம். கடித்தால் உள்ளே விதை மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். தரையில் விழுந்து அடிபட்டால் மாலைக்குள் கறுத்துவிடும். அதனால்தான் துணி. வருடப் பிறப்புத் தண்ணீர் விளையாட்டு ஓய்ந்த வாரம், நாங்கள் நாலு பேரும் நகரத்தில் நாங்கள் இருக்கும் தாமுவேயிலிருந்து கிளம்பி, ஆற்றுப்பாலம் தாண்டி, தன்லியின் ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போவோம். தோட்டக்காரர் ஒரு பர்மியப் பெரியவர். ஊலே என்று கூப்பிடுவோம். ஒரு மரத்தை எங்களுக்கென்று தொடாமல் வைத்திருப்பார்.

மச்சான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் இருந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வரும். அவர் மரமேறுவார், கீழே அக்கா, அவர்கள் மகன், நான் ஆளுக்கொரு மூலையைப் பிடிப்போம். நாலாவது மூலை வாழைமரத்தில் கட்டியிருக்கும். எங்களில் என்னைவிட நம்பகமான ஆள் அதுதான். மச்சான் மூன்று முறை கிளையை உலுக்குவார், நிறுத்துவார். நாங்கள் துணியைக் கூடையில் கவிழ்த்து மறுபடி விரித்ததும் இன்னும் மூன்று. இத்தனை வருடத்தில் அந்தக் கணக்கு தப்பியதில்லை. பழம் விழும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். என் மூலை சுருண்டுவிடும், அதில் ஒரு பழமும் தங்காது. "கண்ணத் தொறந்து பிடி மாப்ளே. மயன்தீ விழுந்து எவனும் செத்ததில்ல" என்பார் மேலேயிருந்து. மகனுக்கு அது கேட்டுக் கேட்டு மனப்பாடம். பிறகு மரத்தடியில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துக்கொண்டு உட்காருவோம். முதல் பழத்தைக் கடித்து, புளிப்பு, வாயில் வைக்க முடியவில்லை என்று மச்சான் தீர்ப்புச் சொல்வார். சொல்லிவிட்டு நாற்பது தின்பார்.

போன சித்திரையிலும் போனோம். மகனுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் பட்டியலில், எங்கள் வார்டில், அவன் பெயர் வந்திருந்தது. பழம் பறிக்கப் போகும் குடும்பத்தை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது மச்சானின் யோசனை. பாலத்துச் சோதனைச் சாவடியில் கூடையையும் துணியையும் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். தோட்டத்தின் பின்பக்கம் ஊலேயின் உறவுக்காரர் ஒருவரின் பழ லாரி நின்றிருந்தது. எல்லைவரை கொண்டுபோக ஆள் பேசியிருந்தது. அவன் அக்காவின் காலைத் தொட்டுவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அதற்குள் மச்சான் மரத்தில் ஏறியிருந்தார். வந்த வேலையைச் செய்வதாகத் தெரியவேண்டும். திரும்பும்போது கூடை நிறைந்திருக்கவேண்டும். மகனின் மூலையை வேலிக்கம்பில் கட்டினோம். மூன்று உலுக்கு, நிறுத்தம். மூன்று உலுக்கு, நிறுத்தம். லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. கீழே எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்திருக்கும். மேலேயிருந்து சாலை வெகுதூரம் தெரியும். பழம் தீர்ந்தபிறகும் அவர் இறங்கவில்லை. அக்கா கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் குரல் வந்தது.

"மாப்ளே, கொஞ்சம் கண்ண மூடிக்க. எறங்குறேன்."

மூடிக்கொண்டேன். அவர் சொல்லி நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

மழைக்காலத்தில் ஒரு காலை, சட்டை போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார் மச்சான். எழவில்லை. கொள்ளி நான் வைத்தேன். மகன் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு அன்னாசி டின் ஆலையில் இருந்தான். "சொன்னா வந்துருவான். வந்தா பிடிச்சுட்டுப் போயிருவாங்க" என்றாள் அக்கா. ஆகவே சொல்லவில்லை. எப்போதாவது அவன் போன் செய்வான். படம் வராது, குரல் மட்டும். அப்பா குளிக்கிறார், அப்பா கோயிலுக்குப் போயிருக்கிறார். வாழ்நாளெல்லாம் கதைவிட்டுப் பிழைத்தவன் என்பதால் காரணங்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னுடையது. ஆறே மாதத்தில் சரக்கு தீர்ந்துவிட்டது.

இந்தச் சித்திரையில் நானும் அக்காவும் மட்டும் போனோம். போகாவிட்டால் அவன் கேட்பான். இரண்டு பேர் நாலு மூலையைப் பிடிக்க முடியாது. துணியைத் தரையிலேயே விரித்தோம். கீழே தானாக உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாமா இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடிக்கிறாரா என்று சிரித்தான். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான்.

"எப்படிடா குடுக்குறது? மரத்து மேல இருக்காரு" என்றாள் அக்கா.

அவன் போனை வைக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை, முழங்கால் வலி. நாற்காலியில் ஏறி பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவன். ஏறினேன். முதல் கவட்டையில் கைலி கிழிந்தது. இரண்டாவதில் நின்று, கிடைத்த கிளையைப் பிடித்து, இரண்டு கையாலும் உலுக்கினேன். மூன்றோடு நிறுத்தவேண்டும் என்பதே நினைவுக்கு வரவில்லை, உலுக்கிக்கொண்டே இருந்தேன். பழங்கள் மடமடவென்று விழுந்தன. அக்கா போனை மரத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருந்தாள்.

கிளை ஓய்ந்தபோது ஸ்பீக்கரில் அவன் குரல் தெளிவாகக் கேட்டது.

"சரிம்மா. மாமாவப் பாத்து எறங்கச் சொல்லு."

அவ்வளவுதான். வைத்துவிட்டான்.

அக்கா போனைத் தாழ்த்தவே இல்லை. நான் அங்கேயே நின்றேன். சாலை திரும்புகிற இடம்வரை நன்றாகத் தெரிந்தது. கீழே துணி கிடந்தது. என் மூலை நிறையப் பழம்.