படத்தை மறைத்ததும்

வசுந்தரா பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்பவள். அன்று செந்தூலில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் சிந்துஜாவை வாசிக்கச் சொன்னாள். பிள்ளை பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்தாள். ஆனால் அவள் கண்கள் படத்திலேயே இருந்தன; எழுத்தின் பக்கமே போகவில்லை. சந்தேகப்பட்ட வசுந்தரா படத்தைக் கையால் மறைத்து, ஒரு சொல்லைக் காட்டினாள்.

“இது என்னா?”

“படம் தெரியலையேம்மா, எப்படிச் சொல்றது?”

“அப்ப இவ்ளோ நாளா நீ படிக்கவே இல்லையா?”

“டீச்சர் படிச்சாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு.”

வசுந்தராவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மறுபடியும் எழுத்திலிருந்தே தொடங்க வேண்டும். உடை மாற்றாமல் தரையில் உட்கார்ந்தாள்.

“ப... ட... கு. படகு!” என்று சிந்துஜா எழுத்துக்கூட்டி முடித்தபோது சமையலறையிலிருந்து தீய்ந்த வாடை வந்தது.

“அம்மா, பருப்பு தீயுது!”

“தீயட்டும்லா. அடுத்த சொல்லப் படி.”