சரிவு ரோஜாவின் அளவு

எங்கள் செடிக் காப்பகத்தில் எல்லோரும் அவளைப் பொடியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆளும் பொடி, பார்த்த வேலையும் பொடி. காட்டு ரோஜாக்களின் மகரந்தப் பொடியை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கழுவி, ஒரு சொட்டு ஜெல்லியில் பதித்து, கண்ணாடித் தகடாக்கி, நுண்ணோக்கியில் அளப்பாள். இருபத்தெட்டு வருஷம் இதையே செய்தாள். நான் அடுத்த அறையில் டைப் அடிப்பவள்.

காட்டு ரோஜாக்கள் ஒரு மாதிரியான ரகம். இலையைப் பார்த்தால் அக்காள் தங்கை போலிருக்கும், முள்ளைப் பார்த்தால் யாரோ எவரோ என்றிருக்கும். பெரிய படிப்புப் படித்தவர்களே மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். பொடியக்கா மகரந்தத்தைத்தான் நம்புவாள். ஒவ்வொரு மணியிலும் கைரேகை போல மெல்லிய வரிகள் உண்டு. அவை நெருக்கமா விலகலா, மணி பெரிதா சிறிதா என்று பார்த்து, "இது வேற, அது வேற" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே ஒரு மலைச்சரிவைக் கல்லுக்காக உடைக்க அனுமதி கேட்டார்கள். அந்தச் சரிவில் மட்டும் ஒரு ரோஜா இருந்தது. வேலியோரமெல்லாம் கிடக்கும் சாதாரண ரோஜாதானா, தனி இனமா என்று அரசாங்கம் எங்களைக் கேட்டது. தனி இனமென்றால் சரிவைத் தொடக்கூடாது. பொடியக்கா சரிவு ரோஜாவின் மணியைப் புதிதாகத் தகடாக்கி அளந்தாள்: முப்பத்துநான்கு மைக்ரான். அலமாரியிலிருந்த வேலி ரோஜாவின் பழைய தகட்டை எடுத்து அளந்தாள்: அதுவும் முப்பத்துநான்கு. வரிகளும் ஒத்துப்போயின. ஒரே இனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கோடை முடிவதற்குள் சரிவு இல்லை.

போன வருஷம் அந்தப் பழைய தகட்டில் கீறல் விழுந்ததால், வேலியோரத்துப் பூவைப் பறித்துப் புதிதாக ஒன்று செய்தாள். அளந்தால் இருபத்தேழு. மூன்று முறை அளந்தாள், இருபத்தேழுதான். என் அறைக்கு வந்து நின்றாள்.

"ஜெல்லிக்குள்ள கிடந்தா மணி வருஷாவருஷம் ஊதும்டீ. ஊதினா வரியும் விலகும். வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லிக் கொடுத்தாங்க. நான் அப்பவே பத்தொன்பது வருஷமான தகட்டை வெச்சு அளந்திருக்கேன்."

"தெரியாம நடந்ததுதானேக்கா."

"தெரிஞ்சதை மறந்தேன். அது வேற."

அதற்குப் பிறகு அவள் அவளாக இல்லை. ஜன்னலில் படிந்த தூசியை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சரிவு ரோஜாவில் மிச்சமிருந்தது ஒரு தகடும் ஒரு காய்ந்த கிளையும்தான். தகட்டை வாரம் தவறாமல் அளந்தாள். ஒரு நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"முப்பத்தொன்பது ஆயிடுச்சு. செத்த பிறகும் வளருது பாரு. என்னைத்தான் பாக்குது."

குனிந்து பார்த்தேன். பழுப்பு மணிகள் வரிவரியாகக் கிடந்தன. அன்றிலிருந்து அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

ஓய்வுக்கு ஆறு மாதம்தான் இருந்தது, வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவள் போகவில்லை. சரிவு ரோஜா தனி இனம் என்று கட்டுரை எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'என் அளவுப் பிழையால் இது அழிந்தது.' என்னிடம் கொடுத்து, "மத்ததுல எழுத்துப்பிழை வந்தாலும் பரவாயில்ல, கடைசி வரி அப்படியே வரணும்" என்றாள்.

காப்பக இயக்குநர் நல்ல மனிதர், அதுதான் கோளாறு. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கடைசி வரியை எடுத்துடும்மா. பாவம், ஓய்வு பெறுற நேரத்துல எதுக்கு? அந்த ரோஜாவுக்கு அவங்க பேரையே வெச்சிடலாம். தன் பேரைத் தானே வெச்சுக்கக் கூடாது, அதனால கட்டுரை என் பேர்ல போகட்டும். சந்தோஷப்படுவாங்க."

எடுத்தேன். அவளுக்கு நல்லதென்று எனக்கும் தோன்றியது, பொய் சொல்வானேன். விடைபெறும் நாளில் அச்சான இதழைக் கொடுத்துக் கைதட்டினார்கள். அவள் நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்து, "எங்கடீ?" என்றாள். நான் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள்.

"உங்க பேர்ல ஒரு ரோஜா இருக்காமே. கொடுத்துவெச்சவங்க."

"இருந்துச்சு."

"இப்ப என்ன ஆச்சு?"

"நான்தான் கொன்னேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு எப்பவும் கிண்டல்தான்" என்றாள். பொடியக்கா என் பக்கம் திரும்பி, நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தாள். நானும் சிரித்து வைத்தேன்.